மண் கொடுத்த நண்பன்

1

டெலிபோன் அலறியது.

புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்த ஷெரோன், மா ஒட்டிய கையோடு ஓடி வந்து எடுத்தாள்.

"ஹலோ?"

மறுமுனையில் அழுகை. ஆண்பிள்ளையின் அழுகை!

"அக்கா… நான் நிஷான்…"

"நிஷான்? என்னடா? ஏன் அழுறாய்?"

"றூபன் அண்ணையைக் காணேல்லை அக்கா!"

றூபன் அவளுடைய கணவன். வியாழக்கிழமைதான் சிரித்துக் கையசைத்துப் போனவன்.

"குடிச்சுப்போட்டுக் கதைக்கிறியோ?"

"நேற்று இரவு குடிச்சனான். இப்ப இல்லை… மாதா சத்தியமா இல்லை! காலமை எழும்பிப் பாத்தா அண்ணையின்ர கட்டில் வெறுமையாக் கிடக்கு. கமெராவும் இல்லை. நாங்கள் தேடிக் களைச்சுப்போனம். இப்ப பூங்காக் காவல்காரர் தேடுகினம்…"

"அங்க வெய்யில் எப்பிடி?"

"வெளியில நிக்க ஏலாது அக்கா. சப்பாத்துக்குள்ளால சுடுது."

"தண்ணி கொண்டு போனவரோ?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சொல்லடா! தண்ணிப் போத்தில்?"

"எல்லாப் போத்திலும் காருக்குள்ள அப்பிடியே கிடக்கு அக்கா… ஒண்டும் குறையேல்லை."

ரிசீவர் அவள் கையிலிருந்து நழுவியது.

வெளியே, மொன்றியலின் வில்லரே பகுதியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று தட்டு வீட்டின் வெளிப்படிகளில் தண்ணீர் சலசலவென்று இறங்கித் தெருவில் ஓடியது. அவ்வளவு தண்ணீர்! யாருக்கும் வேண்டாத தண்ணீர்!

ஷெரோன் அதைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டு அலறினாள்.

2

நண்பர்கள் மூன்று பேர்.

றூபன், அச்சகத்தில் வேலை. கமெராப் பைத்தியம்.

அல்பேட், கோவில் பாடகர் குழுத் தலைவர். மூன்று பேரிலும் மூத்தவர். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் செபமாலை அவருடையதுதான்.

நிஷான், சாப்பாட்டுக் கடையில் சமையல். வயதில் சின்னவன். போத்திலில் மட்டும் பெரியவன்.

மே மாதத்து நீண்ட வார இறுதிக்கு மூவரும் மொன்றியலிலிருந்து விமானம் ஏறி, கலிபோர்னியாப் பாலைவனத்துத் தேசியப் பூங்காவைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

"அந்த இடத்துக்குப் பேரே மரணப் பள்ளத்தாக்கு. வேற இடம் கிடைக்கேல்லையோ?" என்று வாசலில் நின்று கேலி செய்தவள் ஷெரோன்தான்.

ஆனால் போகச் சொன்னவளும் அவள்தான்! அதை நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

"பெப்ரவரியிலயிருந்து மனுசன் சரியாச் சாப்பிடேல்லை, மிஸ். நித்திரையில திடுக்கிட்டு எழும்பி உக்காருவார். என்னெண்டு கேட்டா 'பேந்து சொல்லுறன்' எண்டுவார். அல்பேட் அண்ணைதான் ஒரு மாறுதல் வேணுமெண்டு சொன்னவர். நான்தான் பிடிச்சுத் தள்ளாத குறையா அனுப்பினனான்…"

ஞாயிறு காலை. எதிரே உட்கார்ந்திருந்தவள் டிடெக்டிவ் சஹானா. மொன்றியல் போலீஸ். அப்பா சென்னையிலிருந்து வந்த எஞ்சினியர். வீட்டுத் தமிழ் மெட்ராஸ் தமிழ்.

"கிளம்பறப்ப ஏதாவது சொன்னாரா?"

"'திங்கக்கிழமை வந்து எல்லாத்தையும் சொல்லுறன்' எண்டார்."

"எல்லாத்தையும்னா?"

"தெரியாது மிஸ்… திங்கக்கிழமைதானே எண்டு நானும் கேக்கேல்லை."

சஹானா மேஜையைப் பார்த்தாள். ஒரு கிளாஸ் தண்ணீர். யாரோ ஊற்றி வைத்தது. தொடப்படவில்லை.

"நேத்துலேருந்து தண்ணி குடிக்கலையா நீங்க?"

"அவர் குடிக்காமல் எனக்கு இறங்குதில்லை."

சஹானா குரலைத் தாழ்த்தினாள்.

"ஷெரோன்… அங்கேயிருந்து ஒரு ரேஞ்சர் என்கிட்ட பேசினார். அவர் சர்வீஸ்ல தண்ணியே எடுக்காம அந்தப் பாலைவனத்துல நடந்த ஆளைப் பாத்ததில்லையாம். ஒண்ணு, சாகப் போனார். இல்லேன்னா, சாக அனுப்பினாங்க. எதுன்னு கண்டுபிடிக்கச் சொல்லித்தான் என்னை அனுப்பியிருக்காங்க."

"அவர் சாகப் போற ஆள் இல்லை!"

"அப்ப அனுப்பினது யாரு?"

ஷெரோனிடம் கேள்விதான் இருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவார்? எனக்கு ஒளிக்காதேங்கோ மிஸ்."

சஹானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னிக்கு அங்க பொழுது சாயறதுக்குள்ள கிடைக்கணும்."

"அங்க எங்களை விட மூண்டு மணித்தியாலம் பிந்தித்தானே பொழுது படும்? அப்ப… தேட இன்னும் நேரம் கிடக்கு, என்ன?"

"இருக்கு."

'வெயிலுக்கும் அதே மூணு மணி நேரம் அதிகமா இருக்கு' என்பதை சஹானா சொல்லவில்லை.

3

மதியம் கழிந்து கதவு தட்டப்பட்டது.

அல்பேட்! பாலைவனத்திலிருந்து நேரே விமானம் பிடித்து வந்திருந்தார். வெயிலில் கறுத்த முகம். சிவந்த கண்கள். பின்னால் அவருடைய தாய் பிலோமினம்மா, கையில் மாதா சுரூபத்தோடு.

"பிள்ளை…" என்றார் அல்பேட். அதற்குமேல் முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"அல்பேட் அண்ணை! அவரை விட்டிட்டு ஏன் வந்தனீங்கள்?"

"நிஷான் அங்க நிக்கிறான். உன்னட்டை ஆரும் நேரில வந்து சொல்ல வேண்டாமோ? ரெலிபோனில சொல்லுற விசயமோ இது?"

சஹானா இடையில் புகுந்தாள்.

"நான் போலீஸ். கொஞ்சம் விவரமா சொல்லுங்க சார்."

அல்பேட் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளி பின்னேரம் போய்ச் சேர்ந்தம். நேரே மணல்மேடு பாக்கப் போனம். பொழுது பட்ட உடன விடுதிக்கு வந்திட்டம்."

"வேற எங்கேயும் போகலை?"

"ஒரு இடமும் இல்லை. வேற இடம் பாக்க நேரம் எங்க? சனி விடியப்புறம், றூபன் கமெராவோட வெளிக்கிடுறதைக் கட்டிலில கிடந்தே பாத்தனான். மணல்மேட்டுக்குத்தான் போறான், படமெடுக்க எண்டு திரும்பிப் படுத்திட்டன். எழும்பேக்க நல்லா விடிஞ்சு போச்சு. ஆள் இல்லை."

"கார்?"

"வாசலில நிண்டது. கார்த் திறப்பு என்ர தலைமாட்டில."

"நிஷான்?"

அல்பேட் தயங்கினார். தயங்க வேண்டிய அளவுக்குச் சரியாகத் தயங்கினார்.

"அவனைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல… வெள்ளி இரவு வெறியில றூபனோட கத்திச் சண்டை. காலமை கேட்டா ஞாபகம் இல்லை எண்டுறான்."

சஹானாவின் கண்கள் இடுங்கின. செல்போனை எடுத்து வெளியே போய் ரேஞ்சரோடு பேசிவிட்டு வந்தாள்.

"நிஷானைத் தனியா உக்கார வெச்சு விசாரிக்கச் சொல்லியிருக்கேன். ஹெலிகாப்டர் மணல்மேட்டைச் சுத்தி நாலாவது தடவை பறக்குது. ஒரு கால் தடம்கூட இல்லையாம்."

"காத்து மூடியிருக்கும்," என்றார் அல்பேட்.

ஷெரோன் தரையில் சரிந்தாள்.

"நான் என்ன செய்ய… ஐயோ, நான் இப்ப என்ன செய்ய…"

அல்பேட் அவள் தலையில் கை வைத்தார்.

"வா பிள்ளை. செபமாலை சொல்லுவம். மாதா கைவிடமாட்டா."

4

மாதா சுரூபம் டி.வி. மேல் ஏறியது. மெழுகுதிரி எரிந்தது. எல்லோரும் முழங்காலில் நின்றார்கள்.

சஹானா மட்டும் மூலையில் கைகூப்பி நின்றாள். தனக்குத் தெரிந்த பிள்ளையாரையும் உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். அவசரத்துக்கு எல்லையேது!

"அருள் நிறைந்த மரியாயே வாழ்க…" அல்பேட்டின் குரல் கணீரென்று எழுந்தது. கோவிலையே அழ வைக்கிற குரல் அது.

மற்றவர்கள் பதில் சொன்னார்கள். ஷெரோனுக்கு வார்த்தை வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

அல்பேட் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தார். சட்டைக் கழுத்து விலகியது.

பிலோமினம்மாவின் குரல் பாதி மந்திரத்தில் நின்றது.

"அல்பேட்…"

"என்னம்மா? செபம் நடக்குது."

"கழுத்தில எங்கயடா மடு மண்?"

அல்பேட்டின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை!

மடு மண்! மன்னார்க் காட்டுக்குள் இருக்கும் மடு மாதா கோவிலின் மண். பாம்பு அண்டாது, கடித்தாலும் விஷம் ஏறாது என்று மன்னார் வேதக்காரர் பயணம் போகும்போது கூடவே கொண்டு போவார்கள். அல்பேட்டுக்கு அதைச் சிவப்புத் துணியில் சின்னப் பையாய்த் தைத்துக் கழுத்தில் கட்டியவள் பிலோமினம்மா. குளிக்கும்போதுகூட அவர் கழற்றுவதில்லை. பனிக்காலத்து மொன்றியலில் பாம்புக்கு வழியில்லை என்று பாடகர் குழுவே கேலி செய்யும். அப்போதும் கழற்ற மாட்டார்.

"துலைச்சிட்டியோ?" கிழவியின் குரல் உயர்ந்தது. "மாதாவின்ர மண்ணைத் துலைச்சிட்டியோடா?"

"இல்லையம்மா…"

"வித்தாலும் வீட்டை விக்கலாம், அதை விடப்படாதெண்டு சொன்னனான் எல்லே! எங்க எறிஞ்சனீ?"

"எறியேல்லை அம்மா! துலைக்கவும் இல்லை! றூபனுக்குத்தான் கட்டிவிட்டனான். அந்தக் கல்லிடுக்குக்குள்ள பாம்பு கிடக்குமெண்டு அவன் பயந்தான்… நான் கழற்றி…"

அல்பேட்டின் வாய் திறந்தபடியே நின்றது.

மெழுகுதிரி படபடத்தது.

ஷெரோன் மெதுவாக எழுந்தாள்.

"எந்தக் கல்லிடுக்கு, அல்பேட் அண்ணை?"

"அது… வெள்ளிக்கிழமை… மணல்மேட்டில…"

"மணல்மேட்டில கல்லிடுக்கு எங்க? வேற இடம் ஒண்டும் பாக்கேல்லை எண்டு இப்பதானே சொன்னனீங்கள்?"

"சனிக்கிழமை கட்டில்ல படுத்திருந்தேன்னும் சொன்னீங்க," என்றாள் சஹானா. அவள் எப்போது கதவுக்குக் குறுக்கே வந்து நின்றாள் என்று யாரும் பார்க்கவில்லை. "தூக்கத்துலயே நடந்து போய்க் கட்டி விட்டீங்களா சார்?"

அல்பேட்டின் முகம் மாறியது. அழுகை காணாமல் போனது. விம்மல் காணாமல் போனது.

"எனக்கு லோயர் வேணும்."

"கிடைப்பார். அவர் வர்றதுக்குள்ள றூபன் செத்துடுவார். எந்த இடம்?"

"எனக்கு ஒண்டும் தெரியாது."

ஷெரோன் அவர் காலில் விழுந்தாள். இரண்டு கைகளாலும் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை… நான் உங்களை ஒண்டும் கேக்கமாட்டன். ஏன் எண்டும் கேக்கமாட்டன். கோட்டுக்கு வரமாட்டன், சாட்சி சொல்லமாட்டன். இடத்தை மட்டும் சொல்லுங்கோ! உங்கட கையால எங்களுக்குத் தாலி எடுத்துத் தந்தனீங்கள் அண்ணை… இடத்தை மட்டும்!"

அல்பேட் சுவரைப் பார்த்தார்.

"தெரியாது."

சஹானா மிரட்டினாள். கெஞ்சினாள். கைவிலங்கை எடுத்து மேஜையில் வைத்தாள். கிளாஸ் தண்ணீர் தளும்பியது.

அல்பேட் கல்லாக நின்றார்.

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே, யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு கல்லிடுக்கில், றூபனின் நேரம் கரைந்துகொண்டிருந்தது.

பிலோமினம்மா இன்னும் முழங்காலில்தான் நின்றாள். எழுந்திருக்கவில்லை. மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அல்பேட். மண் குடுத்தாய், சரி."

அவர் திரும்பவில்லை.

"தண்ணி குடுத்தியோ?"

அல்பேட் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"உன்னைத்தான் கேக்கிறன், மகனே. அந்தப் பிள்ளைக்குப் பாம்பு கடிக்கப்படாதெண்டு மண் குடுத்தாய். தண்ணி குடுத்தியோ?"

அல்பேட்டின் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"தண்ணி குடுத்தியோடா?"

"இல்லை அம்மா…!"

அந்தக் கணீர்க் குரல் கிழிந்தது. அல்பேட் தாயின் முன்னால் முழங்கால் மடிந்து விழுந்தார்.

"தண்ணி எடுத்துக்கொண்டு வாறன், நீ உள்ள போ எண்டு சொல்லிப்போட்டு… காரை எடுத்திட்டன். கண்ணாடிக்குள்ளால பாத்தனான்… கை காட்டிக்கொண்டு நிண்டவன் அம்மா…"

"இடம்!" என்று கத்தினாள் சஹானா.

"பழைய தங்கச் சுரங்கம்… மணல்மேட்டிலயிருந்து தெற்கால… தார் றோட்டு முடிஞ்சு மண் பாதையில கனதூரம். துருப்பிடிச்ச தண்ணித் தாங்கி ஒண்டு நிக்கும். அதுக்குப் பின்னால மலைவெடிப்பு…"

சஹானா டெலிபோனில் ஆங்கிலத்தைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணை?" கேட்கமாட்டேன் என்றவள் கேட்டாள். "அவர் உங்களுக்கு என்ன செய்தவர்?"

"பெப்ரவரியில… செயின்ட்-மிஷேலில… பாட்டுப் பழகிப்போட்டு வரேக்க, பனி அள்ளிக்கொண்டு நிண்ட ஒரு வயசு மனுசனைக் காரால அடிச்சுப்போட்டன். நிப்பாட்டேல்லை. பக்கத்தில றூபன். அந்த மனுசன் செத்துப்போச்சு… 'நீ போய்ச் சொல்லு, இல்லாட்டி திங்கக்கிழமை நான் சொல்லுவன்' எண்டான்…"

ஷெரோன் கண்களை மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை வந்து எல்லாம் சொல்கிறேன் என்றானே…

5

காத்திருப்பு.

அல்பேட்டைப் போலீஸ் கார் கொண்டுபோனது. பிலோமினம்மா படி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து செபமாலையைத் தொடர்ந்தாள். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகளுக்காகக் கும்பிட வேண்டியிருந்தது.

மொன்றியலில் இருட்டத் தொடங்கியது. ஷெரோன் டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஊமையாய்க் கிடந்தது.

"ஹெலிகாப்டர் அந்தப் பக்கம் போயாச்சு," என்றாள் சஹானா.

"ம்."

"தண்ணித் தாங்கி தெரிஞ்சுடுச்சாம்."

"ம்."

பிறகு செய்தியே இல்லை.

ஷெரோன் எழுந்தாள். உட்கார்ந்தாள். றூபனின் சட்டை ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். 'கடவுளே, உயிரை மட்டும் விட்டுவை. கண் போனாலும் சரி, கால் போனாலும் சரி. மூச்சை மட்டும் விட்டுவை' என்று பேரம் பேசினாள்.

டெலிபோன் அலறியது!

சஹானா பாய்ந்து எடுத்தாள். "யெஸ்… யெஸ்…" என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போலீஸ் முகம். பாழாய்ப்போன போலீஸ் முகம்!

"மிஸ்…?"

சஹானா ரிசீவரைப் பொத்தினாள்.

"உயிரோட இருக்காரு."

ஷெரோன் அவள் கையைப் பிடித்தாள்.

"திருப்பிச் சொல்லுங்கோ…"

"உயிரோட இருக்காரும்மா! சுரங்க வாய்க்குள்ள சுருண்டு கிடந்திருக்காரு. நாக்கு வீங்கிப் பேச முடியல. ட்ரிப்ஸ் ஏத்திட்டாங்க. ஒரு மணி நேரம் தாமதமா போயிருந்தா கஷ்டம்னு சொல்றாங்க."

ஷெரோன் மேஜையில் இருந்த கிளாஸை எடுத்தாள். மடமடவென்று குடித்தாள். கண்ணீரும் தண்ணீரும் சேர்ந்து கழுத்தில் வழிந்தன.

6

இரண்டு வாரம் கழிந்து றூபன் வீடு வந்தான். பாதியாய் இளைத்து, உதடு வெடித்து… ஆனால் முழுசாய்!

வாக்குமூலம் வாங்க சஹானா வந்திருந்தாள். நிஷான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமை என்னய்யா சண்டை?" என்றாள் சஹானா.

"அண்ணை என்ர பியரைக் கொட்டிப்போட்டார், மிஸ். அதுதான் சண்டை. நான் இப்ப பியரே குடிக்கிறேல்லை."

"எப்போலேருந்து?"

"நேற்றிலயிருந்து."

கதவருகில் பிலோமினம்மா தயங்கி நின்றாள். உள்ளே வர அவளுக்குக் கால் எழவில்லை.

"வாங்கோ மாமி," என்று றூபன்தான் எழுந்து போய்க் கையைப் பிடித்தான். "உங்களுக்கும் எனக்கும் ஒரு கோவமும் இல்லை. இந்தாங்கோ… உங்கட மண்."

சிவப்புத் துணிப் பை. அழுக்கேறி, வியர்வை காய்ந்து கிடந்தது.

"இதுதான் என்னைக் காப்பாத்தினது, மாமி. முதல் நாள் இரவே சுரங்கத்துக்குள்ள ஒரு பாம்பு வந்து எனக்குக் கிட்டவாச் சுருண்டு படுத்திட்டுது. வாலை ஆட்டி ஆட்டிச் சத்தம் போடுது! இது கழுத்தில இல்லாட்டி நான் பயத்தில வெளிய ஓடியிருப்பன்."

"வெளிய ஓடியிருந்தா விடிஞ்சதும் வெயில்ல விழுந்திருப்பாரு," என்றாள் சஹானா. "நிழலை விட்டு நகராம உள்ளயே இருந்ததாலதான் பிழைச்சார்னு டாக்டரே சொல்றாரு. எனக்கும் ஒரு பை தைச்சுக் குடுங்கம்மா. என் வேலைக்கு ரெண்டாவே வேணும்."

பிலோமினம்மா பையைக் கையில் வாங்கினாள். பார்த்தாள். வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

"என்ன மாமி?"

"உங்களுக்குச் சொல்லாட்டி எனக்கு நித்திரை வராது பிள்ளையள்… போன வருசம் இவன்ர பழைய பை குளிக்கேக்க கிழிஞ்சு மண் முழுக்க ஓடிப்போச்சு. புதுசாத் தைச்சுத் தாங்கோ எண்டு குழந்தை மாதிரி அழுதான். டப்பாக்குள்ள மண் முடிஞ்சு கனகாலம். மடுவுக்குப் போக, ஊரில சண்டையால பாதையும் பூட்டு. நான் என்ன செய்ய?"

"என்ன செய்தனீங்கள்?"

"பின்வளவில தக்காளிக் கண்டு வைக்க வாங்கின சாக்கு மண்ணில… ஒரு பிடி அள்ளிப்போட்டுத் தைச்சிட்டன்."

றூபன் பையைப் பார்த்தான். ஷெரோன் றூபனைப் பார்த்தாள். நிஷான் தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றான்.

முதலில் சுதாரித்தவள் சஹானாதான். குறிப்புப் புத்தகத்தைப் பட்டென்று மூடிக்கொண்டு எழுந்தாள்.

"சரி, நடந்தது நடந்து போச்சு. அந்தப் பாம்புகிட்ட மட்டும் யாரும் போய்ச் சொல்லிடாதீங்க!"